230 பேரும் ஒரே நாளில் சி.எல். போட்டால் அது ஸ்ட்ரைக் இல்லையா?

ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில் பதினொரு வருடமாக வேலை பார்க்கும் வாசகர் எட்டுப் பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

ஆலையில் மொத்தம் 420 பேர். அதில் 240 பேர் பெர்மனென்ட், மற்றவர்கள் காண்ட்ராக்ட். அப்ரென்டிஸ் பையன்கள் தனி. இருப்பது ஒரே சங்கம். முறையாகப் பதிவான சங்கம். சமரச அதிகாரி முன்னிலையில் போட்ட பழைய 12(3) சம்பள ஒப்பந்தத்தின் காலம் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. புதிய கோரிக்கைச் சாசனத்துக்கு நிர்வாகம் இழுத்தடிக்கிறது. போன மாதம் சூப்பர்வைசரைத் தரக்குறைவாகப் பேசினார் என்று சங்கச் செயலாளரை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். சங்கம் இந்த மாதம் 2ஆம் தேதி, '20ஆம் தேதி முதல் வேலைநிறுத்தம்' என்று நோட்டீஸ் கொடுத்தது. தொழிலாளர் துறை அதிகாரி 12ஆம் தேதி இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசினார். அடுத்த அமர்வு 26ஆம் தேதி. பேச்சுவார்த்தை நடக்கும்போது ஸ்ட்ரைக் செய்தால் சிக்கல் என்று யாரோ சொல்ல, கமிட்டியில் புது யோசனை வந்திருக்கிறது: 20ஆம் தேதி 230 பேரும் சி.எல். (தற்செயல் விடுப்பு) எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்துவிடலாம், லீவு நம் உரிமைதானே, அது ஸ்ட்ரைக் ஆகாது.

இதற்கிடையே நோட்டீஸ் போர்டில் ஹெச்.ஆர். ஒரு தாள் ஒட்டியிருக்கிறார். இந்தியாவில் யாருக்கும் வேலைநிறுத்த உரிமை கிடையாது என்று 2003இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, பங்கேற்பவர்கள் உடனடியாக வேலைநீக்கம், ஒரு நாள் நின்றால் எட்டு நாள் சம்பளம் பிடித்தம். வாசகர் கமிட்டி உறுப்பினர். மனைவிக்கு ஏழாம் மாதம். வீட்டுக்கடன் தவணை ஓடுகிறது. 'சட்டப்படி நாங்கள் செய்வது சரியா, தப்பா? ஒரு வரியில் சொல்லுங்கள் சார்' என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள தம்பி,

ஒரு வரியில் கேட்டதால் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: 20ஆம் தேதி வேண்டாம். ஸ்ட்ரைக்காகவும் வேண்டாம், சி.எல். ஆகவும் வேண்டாம். உங்கள் கோரிக்கை நியாயமா இல்லையா என்ற பேச்சுக்கே நான் வரவில்லை. நீங்கள் குறித்திருக்கும் தேதிதான் தப்பு. அவசரம் என்பதால் இதை உங்களுக்கு முன்னதாகவே போனில் சொல்லிவிட்டேன். காரணங்களை விளக்கமாக எழுதுவது உங்கள் கமிட்டிக்கும், உங்களைப் போலவே யோசித்துக்கொண்டிருக்கும் வேறு ஆலைக்காரர்களுக்கும்.

நோட்டீஸ் போர்டில் இருப்பது பாதி உண்மை

முதலில் ஹெச்.ஆர். ஒட்டிய தாளைப் பார்ப்போம். 2003 ஜூலையில் தமிழ்நாட்டு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசு எஸ்மா எனப்படும் அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தை எடுத்தது. ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேர் வரை வேலையை இழந்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் தேதி டி.கே. ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்றது. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தவர்களில் பெரும்பாலானவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். அந்த நாட்களில் உயர் நீதிமன்ற வளாகம் எப்படி இருந்தது என்பது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. வாத்தியார்கள் கையில் ஃபைலோடு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தத் தீர்ப்பு பேசியது அரசு ஊழியர்களைப் பற்றி. அவர்களுக்கு நடத்தை விதிகளே வேலைநிறுத்தத்தைத் தடுக்கின்றன. தனியார் ஆலைத் தொழிலாளியான உங்களை ஆள்வது வேறு சட்டம். அந்தச் சட்டம் எந்தெந்த நேரத்தில் வேலைநிறுத்தம் கூடாது என்று வரிசையாகச் சொல்கிறது. கூடாத நேரங்களை ஒரு சட்டம் பட்டியல் போடுகிறது என்றால், மற்ற நேரத்தில் அதை ஏற்றுக்கொள்கிறது என்றுதானே பொருள்? 1989இல் பி.ஆர். சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே, வேலைநிறுத்தம் தொழிலாளர்கள் தங்கள் குறையைத் தீர்த்துக்கொள்ள அங்கீகரிக்கப்பட்ட ஒரு வழி, ஆனால் எல்லையற்ற உரிமை கிடையாது என்று சொல்லியிருக்கிறது.

உங்கள் பக்கமும் ஒரு தப்பு இருக்கிறது. கடிதத்தில் 'அரசியல் சட்டம் கொடுத்த அடிப்படை உரிமை' என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். சங்கம் வைப்பதுதான் அடிப்படை உரிமை. அதோடு சேர்ந்து வேலைநிறுத்தமும் அடிப்படை உரிமையாக வந்துவிடாது என்று 1961லேயே வங்கி ஊழியர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. ஆக, உங்களிடம் இருப்பது ஒரு சாதாரணச் சட்டம் நிபந்தனைகளோடு கொடுத்திருக்கும் உரிமை. நிபந்தனையை மீறினால் உரிமையும் போச்சு. கேட் மீட்டிங்கில் 'அடிப்படை உரிமை' என்று பேசலாம், கைதட்டல் கிடைக்கும். விசாரணையில் அப்படிப் பேசினால் எதிர்த்தரப்பு வக்கீல் சிரிப்பார்.

சி.எல். என்ற குறுக்கு வழி

சி.எல். யோசனை எல்லா ஆலையிலும் வருவதுதான். யார் முதலில் கண்டுபிடித்தாரோ தெரியாது, ஒவ்வொரு கமிட்டியும் தன் சொந்தக் கண்டுபிடிப்பு மாதிரியே கொண்டு வரும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் இந்த ஓட்டையைப் பெயர் சொல்லியே அடைத்துவிட்டது. ஒரு நாளில் 50 சதவீதமோ அதற்கு மேலோ தொழிலாளர்கள் பேசி வைத்துக்கொண்டு தற்செயல் விடுப்பு எடுத்தால், அதுவும் வேலைநிறுத்தம்தான். 240இல் பாதி 120. காண்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்து 420 என்று கணக்குப் போட்டாலும் பாதி 210. நீங்கள் 230 பேர் என்கிறீர்கள். எந்தக் கணக்கிலும் தப்ப முடியாது.

'அப்படியானால் நூறு பேர் மட்டும் போடட்டுமே' என்று அடுத்த யோசனை வரும், எனக்குத் தெரியும். சி.எல். என்பது கேட்டுப் பெறுவது. எழுதிக் கொடுத்ததும் தானாகக் கிடைத்துவிடுவதில்லை. மேனேஜர் மறுத்த பிறகும் வராமல் இருந்தால் அனுமதியில்லாத ஆப்சென்ட். பேசி வைத்துக்கொண்டு கூட்டாக வேலையை மறுப்பது பழைய 1947ஆம் வருடத் தொழில் தகராறுகள் சட்டத்திலும் வேலைநிறுத்தம்தான்.

சில வருடங்களுக்கு முன் இப்படி ஒரு வழக்கில் தொழிலாளர் பக்கம் ஆஜரானேன். உள் விசாரணையில் நிர்வாகத்தின் வக்கீல் எந்தச் சாட்சியையும் முதலில் கூப்பிடவில்லை. அன்றைக்கு வந்த லீவு லெட்டர்களை எடுத்து நீள மேசை மேல் வரிசையாகப் பரப்பி வைத்தார். நாற்பது சொச்சம் தாள். எல்லாவற்றிலும் ஒரே நீல இங்க், ஒரே கையெழுத்து, ஒரே காரணம்: 'வயிற்றுப்போக்கு'. அதில் ஒரே மாதிரி எழுத்துப்பிழை வேறு. லெட்டர் எழுதித் தந்த நல்லவர் 'போ'வுக்கு ஒற்றைக்கொம்பு போட்டு எல்லாவற்றையும் 'பொக்கு' ஆக்கியிருந்தார். விசாரணை அதிகாரிக்கே சிரிப்பு தாங்கவில்லை. அதற்கு மேல் நான் என்ன வாதாட?

வெளிப்படையாக நோட்டீஸ் கொடுத்து, முறைப்படி நின்றிருந்தால் அந்த நாற்பது பேரும் தலை நிமிர்ந்து 'ஆமாம், ஸ்ட்ரைக் செய்தோம், காரணம் இது' என்று சொல்லியிருக்கலாம். சி.எல். போட்டதால் ஸ்ட்ரைக்கின் தண்டனை அத்தனையும் வந்தது. அதற்குச் சட்டம் தரும் பாதுகாப்பு ஒன்றுகூட வரவில்லை. மேல்கொண்டு பொய் சொன்ன குற்றச்சாட்டும் சார்ஜ் ஷீட்டில் ஏறியது.

வேகத்தைக் குறைத்து வேலை பார்க்கலாமா என்றும் ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். கூடவே கூடாது. உற்பத்தியை வேண்டுமென்றே மந்தப்படுத்துவதை நீதிமன்றங்கள் வேலைநிறுத்தத்தைவிட மோசமாகப் பார்க்கின்றன. சம்பளத்தை வாங்கிக்கொண்டே வேலையை மறுப்பது என்பது அவர்கள் கணக்கு.

தேதிக் கணக்கு

நோட்டீஸ் கொடுத்து 14 நாள் தாண்டிவிட்டது, அதனால் வழி திறந்துவிட்டது என்று நினைக்கிறீர்கள். 14 நாள் என்பது பல பூட்டுகளில் ஒன்று.

பழைய சட்டத்தில் பொதுப் பயன்பாட்டுச் சேவை என்று அறிவிக்கப்படாத ஆலைகளில் முன்னறிவிப்பே தேவையில்லை. உங்கள் ஆலை சீனியர்கள் 'அந்தக் காலத்தில் காலையில் பேசி மதியம் மெஷினை நிறுத்தினோம்' என்று சொல்வது உண்மையாகவே இருக்கலாம். இப்போது எல்லா ஆலைக்கும் நோட்டீஸ் கட்டாயம். கொடுத்த 14 நாளுக்குள் நிற்கக் கூடாது. நோட்டீஸில் எழுதிய தேதிக்கு முன்பும் கூடாது. நோட்டீஸுக்கு ஆயுள் 60 நாள். அதற்குள் தொடங்காவிட்டால் புதிதாகக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது பூட்டு சமரசப் பேச்சு. அதிகாரி முதல் அமர்வு நடத்திய 12ஆம் தேதியே சமரச நடவடிக்கை தொடங்கிவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. அது முடியும் வரையிலும், முடிந்த பிறகு ஏழு நாளும் நிற்கக் கூடாது. ஸ்ட்ரைக் நோட்டீஸ் வந்த தகராறில் அதிகாரி 14 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும் (மற்றவற்றில் 45 நாள்). உங்கள் கணக்கில் அது 26ஆம் தேதி. அன்றைக்கே 'சமரசம் தோற்றது' என்று அவர் பதிவு செய்தாலும், ஏழு நாள் கூட்டினால் அடுத்த மாதம் 4ஆம் தேதி வாக்கில்தான் வழி திறக்கும். 20ஆம் தேதி என்பது நட்டநடுவில் விழுகிறது.

மூன்றாவதுதான் எனக்கே பிடிக்காத பூட்டு. முன்பெல்லாம் தகராறைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்புவதா வேண்டாமா என்பது அரசின் கையில் இருந்தது. இப்போது சமரசம் தோற்றதும் இரண்டு தரப்பில் யார் வேண்டுமானாலும் 90 நாளுக்குள் நேராகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கேட்க நல்லதாகத் தெரிகிறதா? தீர்ப்பாயத்தில் வழக்கு நடக்கும் காலம் முழுவதும், முடிந்து 60 நாள் வரைக்கும், வேலைநிறுத்தம் சட்டவிரோதம். அந்த ஏழு நாள் இடைவெளிக்குள் நிர்வாகம் ஒரு மனுவைப் போட்டுவிட்டால் உங்கள் நோட்டீஸ் வெறும் காகிதம். வழக்கு எத்தனை வருடம் ஓடும் என்று உங்களுக்கே தெரியும். தொழிற்சங்கங்கள் இந்தச் சட்டத்தை எதிர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது என்பது என் சொந்த அபிப்பிராயம். ஆனால் சட்டம் மாறும் வரை அது இருக்கிறபடிதான் உங்களுக்கு ஆலோசனை சொல்ல முடியும்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் இல்லாதது, ஆனால் நான் முதலில் தேடியது. ஒப்பந்தம் 'காலாவதியாகிவிட்டது' என்கிறீர்கள். மாத்திரை அட்டையில் இருக்கும் தேதி மாதிரி இல்லை அது. ஒப்பந்தத்தின் காலம் முடிந்தாலும், ஒரு தரப்பு எழுத்து மூலம் 'இதை முடித்துக்கொள்கிறோம்' என்று நோட்டீஸ் கொடுத்து 60 நாள் ஆகும் வரை அது இரு தரப்பையும் கட்டுப்படுத்திக்கொண்டேதான் இருக்கும். அது உயிரோடு இருக்கும்வரை, அதில் பேசி முடித்த விஷயங்களுக்காக வேலைநிறுத்தம் செய்வது சட்டவிரோதம். சம்பளம்தானே உங்கள் முதல் கோரிக்கை? பழைய ஒப்பந்தத்தின் முதல் விஷயமும் அதுதான். நீங்கள் கொடுத்த கோரிக்கைச் சாசனத்தை எடுத்துப் பாருங்கள். முதல் பத்தியிலோ கடைசிப் பத்தியிலோ பழைய ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக ஒரு வரி இருக்க வேண்டும். அனுபவமுள்ள சங்கத்துக்காரர்கள் பழக்கத்திலேயே அதை எழுதிவிடுவார்கள். இருந்தால் நிம்மதி. இல்லையென்றால் அந்த நோட்டீஸைத்தான் முதலில் அனுப்ப வேண்டும்.

சட்டவிரோதம் ஆகிவிட்டால் என்ன நடக்கும்?

'உடனடி வேலைநீக்கம்' என்று ஹெச்.ஆர். எழுதியிருப்பது மிரட்டல். சட்டவிரோத வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டார் என்பதற்காகவே ஒருவரை மறுநாள் வெளியே அனுப்பிவிட முடியாது. சார்ஜ் ஷீட் கொடுக்க வேண்டும், உள் விசாரணை நடத்த வேண்டும், யார் என்ன செய்தார் என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். கூட்டத்தோடு சும்மா நின்றவரையும், மற்றவர்களை மறித்து வன்முறையில் இறங்கியவரையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1959லேயே சொல்லியிருக்கிறது. அதனால் 230 பேருக்கும் வேலை போகும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் கமிட்டிக்காரர்கள் பத்துப் பேருக்குப் போக வாய்ப்பு உண்டு. அந்தப் பத்தில் நீங்கள் ஒருவர்.

இந்த இடத்தில் உங்கள் ஆடியோவைப் பற்றிப் பேசியாக வேண்டும். '20ஆம் தேதி ஒருத்தனும் உள்ளே போகக் கூடாது, போனால் அப்புறம் பார்த்துக்கலாம்' என்று வாட்ஸ்அப் குரூப்பில் பேசி அனுப்பியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சட்டவிரோத வேலைநிறுத்தத்தில் கலந்துகொள்பவருக்கு அபராதம் 1,000 முதல் 10,000 ரூபாய் வரை, அல்லது ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தூண்டியவருக்கு 10,000 முதல் 50,000 ரூபாய், அதே ஒரு மாதச் சிறை. 1947ஆம் வருடச் சட்டத்தில் கலந்துகொண்டவருக்கு அபராதம் ஐம்பதே ரூபாய். சீனியர்கள் இதை லேசாகப் பேசுவதற்கு அதுவும் காரணம். அரசோ, அரசின் அதிகாரம் பெற்றவரோ புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் இந்த வழக்கை எடுக்கும் என்பது ஒரு சின்ன ஆறுதல். ஆனால் 'பார்த்துக்கலாம்' என்ற உங்கள் வார்த்தையை மிரட்டலாக எடுத்துக்கொண்டு போலீசுக்குப் போக யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆடியோவை அழிக்காதீர்கள், 230 பேர் இருக்கும் குரூப்பில் அது ஏற்கெனவே ஹெச்.ஆர். போனுக்குப் போயிருக்கும், அழித்தால் பயந்து அழித்ததாகத்தான் தெரியும். அதே குரூப்பில், 'யாரையும் தடுக்கும் எண்ணம் இல்லை, என் வார்த்தை தவறு, 20ஆம் தேதி எல்லோரும் வேலைக்குப் போகிறோம்' என்று இன்றைக்கே எழுத்தில் போடுங்கள்.

சம்பளம். வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் கிடையாது, இது பொது விதி. சட்டப்படியான ஸ்ட்ரைக் என்றால் சம்பளம் வந்துவிடும் என்று உங்கள் நண்பர் சொன்னது அரைகுறை. 1994இல் சிண்டிகேட் வங்கி வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, வேலைநிறுத்தம் சட்டப்படியும் இருக்க வேண்டும், நியாயமாகவும் இருக்க வேண்டும், இரண்டும் இருந்தால்தான் சம்பளம் என்றது. அதையும் பிறகு வழக்காடித்தான் வாங்க வேண்டும். அடுத்த மாதத் தவணைக்கு அது உதவாது.

எட்டு நாள் பிடித்தம் என்பதும் ஹெச்.ஆர். சொல்வதுபோலத் தானாக வருவதில்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து, வேலை ஒப்பந்தப்படி தர வேண்டிய முன்னறிவிப்பைத் தராமல், தகுந்த காரணமும் இல்லாமல் வராமல் இருந்தால், எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்கலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் அப்படி ஒரு நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் பிடித்தால் கேள்வி கேட்கலாம்.

நின்ற நாட்களுக்காகச் சங்கம் பணம் திரட்டிக் குடும்பங்களுக்குக் கொடுக்கலாம் என்று யோசித்திருக்கிறீர்கள். நல்ல யோசனை. ஆனால் சட்டவிரோத வேலைநிறுத்தத்துக்குத் தெரிந்தே பண உதவி செய்வதும் குற்றம். சரியான தேதியில் நின்றால் அந்தப் பணத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

சரியான தேதிக்கு இன்னொரு லாபமும் உண்டு. பலருக்கு இது தெரியாது. சட்டவிரோதம் ஆகாத வேலைநிறுத்தம் நடக்கும்போது நிர்வாகம் வெளியாட்களைப் புதிதாக வேலைக்கு எடுத்தால் அது 'நேர்மையற்ற தொழில் நடைமுறை'. நிர்வாகத்துக்கு அபராதம் 10,000 ரூபாயிலிருந்து இரண்டு லட்சம் வரை. ஆனால் நீங்கள் தப்பான தேதியில் நின்றால், பஸ்ஸில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினாலும் இந்தப் பிரிவைக் காட்டித் தடுக்க முடியாது.

செயலாளர் விஷயமும் காண்ட்ராக்ட் பையன்களும்

செயலாளரை சஸ்பெண்ட் செய்ததற்காக இப்போதே நிற்க வேண்டும் என்று உங்களில் சிலர் துடிக்கிறார்கள். கோபம் புரிகிறது. விசாரணை முடியும்வரை சஸ்பெண்ட் செய்ய நிர்வாகத்துக்குப் பொதுவாக அதிகாரம் உண்டு. முதல் 90 நாள் பாதிச் சம்பளமும், அதற்கு மேல் இழுத்தால் குறைந்தது முக்கால் சம்பளமும் பிழைப்பூதியமாகத் தர வேண்டும். அது மாதாமாதம் வருகிறதா என்று பாருங்கள். வேலையைவிட்டு நீக்குவதுதான் அவர்களுக்குக் கஷ்டம். சமரசப் பேச்சு நடக்கும்போது தகராறோடு தொடர்புள்ள காரணத்துக்காக நீக்க வேண்டுமானால் முன் அனுமதி வேண்டும். தொடர்பில்லாத காரணம் என்றாலும் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து, உடனே ஒப்புதல் மனுவும் போட வேண்டும். போடாவிட்டால் அந்த நீக்கமே செல்லாது என்று 2002இல் உச்ச நீதிமன்றம் தீர்த்திருக்கிறது. யோசித்துப் பாருங்கள்: சமரசப் பேச்சு நடக்கிற காலம் உங்கள் கையைக் கட்டுகிற மாதிரியே அவர்கள் கையையும் கட்டுகிறது. அந்தக் கட்டை நீங்களே ஏன் அவிழ்த்துவிடுகிறீர்கள்?

சங்க நிர்வாகிகளில் குறைந்தது ஐந்து பேரைப் 'பாதுகாக்கப்பட்ட தொழிலாளர்' என்று அங்கீகரிக்கச் சட்டம் இடம் தருகிறது. தகராறு நிலுவையில் இருக்கும்போது அவர்களை எழுத்து மூலமான முன் அனுமதி இல்லாமல் தொட முடியாது. உங்கள் சங்கம் அந்தப் பட்டியலைக் கொடுத்திருக்கிறதா? கடிதத்தில் சத்தமே இல்லை.

காண்ட்ராக்ட் தொழிலாளர்கள் 'நாங்களும் வருகிறோம் அண்ணே' என்கிறார்களாம். மனசு நெகிழ்கிறதுதான். உங்களுக்கு என்றால் சார்ஜ் ஷீட், விசாரணை, மேல்முறையீடு என்று வரிசையாகப் படிகள் உண்டு. அவர்களுக்கு காண்ட்ராக்டர் ராத்திரி ஒரு போன் போட்டு 'நாளையிலிருந்து வேண்டாம்' என்று சொன்னால் போதும். வழக்குப் போட்டு நிலைநாட்ட வருடங்கள் ஆகும். முதல் சுற்றில் அவர்களை இழுக்காதீர்கள். அவர்களுடைய கேண்டீன், பஸ் கோரிக்கையை உங்கள் சாசனத்தில் சேர்த்துப் பேசுங்கள். சட்டப்படியான அப்ரென்டிஸ்கள் 'தொழிலாளர்' என்ற வரையறைக்குள்ளேயே வர மாட்டார்கள், அவர்களை விட்டுவிடுங்கள்.

சரி, இப்போது என்ன செய்யலாம்?

20ஆம் தேதி எல்லோரும் ஷிப்டுக்குப் போங்கள். ஸ்ட்ரைக்கைத் தள்ளி வைத்திருப்பதாக நிர்வாகத்துக்கும் அதிகாரிக்கும் எழுதிக் கொடுங்கள். 'சமரச நடவடிக்கையை மதித்து' என்ற வார்த்தைகள் அதில் இருக்கட்டும். பின்னால் எந்தக் கோர்ட்டிலும் அந்த வரி உங்களுக்காகப் பேசும். 'வாபஸ்' என்று மட்டும் எழுதாதீர்கள், எழுதினால் நோட்டீஸே போய்விடும்.

26ஆம் தேதி அமர்வுக்கு வெறும் கையோடு போகாதீர்கள். உங்கள் வட்டாரத்தில் இதே வேலைக்கு மற்ற ஆலைகளில் போட்ட ஒப்பந்தங்களின் நகல், உங்கள் மூன்று வருடச் சம்பளச் சீட்டுகள், செயலாளரின் சஸ்பென்ஷன் ஆர்டர் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். நிர்வாகத் தரப்பில் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் வரவில்லை என்றால் அதை மினிட்ஸில் பதியச் சொல்லுங்கள். பேச்சை யார் இழுத்தடித்தார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. பின்னால் உங்கள் வேலைநிறுத்தம் நியாயமானதா என்ற கேள்வி வரும்போது முதலில் புரட்டுவது அந்த மினிட்ஸைத்தான்.

நடுவில் சும்மா இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. கறுப்பு பேட்ஜ் குத்திக்கொண்டு வேலை பாருங்கள். ஷிப்டு முடிந்து கேட் மீட்டிங் போடுங்கள். ஆனால் ஆலை வாசலிலிருந்து நூறு, இருநூறு மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லி கோர்ட்டில் தடையுத்தரவு ஏற்கெனவே வாங்கியிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியும் 26ஆம் தேதி தோற்றால், தோல்வி அறிக்கையின் நகலோடு அன்றைக்கே ஒரு தொழிலாளர் வழக்கறிஞரைப் பாருங்கள். அந்த ஏழு நாளில் நிர்வாகம் தீர்ப்பாயத்துக்குப் போகிறதா, நீங்களே முந்திப் போவது லாபமா, அல்லது காத்திருந்து நிற்பதா என்று அப்போதைய நிலவரத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஸ்ட்ரைக் ஒன்றுதான் வழி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உங்கள் பக்கத்துச் சுங்குவார்சத்திரத்தில் 2024 செப்டம்பர் 9ஆம் தேதி தொடங்கிய சாம்சங் தொழிலாளர் வேலைநிறுத்தம் 37 நாள் நடந்தது. முக்கியக் கோரிக்கை சங்கத்துக்கு அங்கீகாரம். போராட்டம் முடிந்த பிறகும் பதிவு கிடைக்கவில்லை. உயர் நீதிமன்றம் கெடு விதித்த பிறகு 2025 ஜனவரியில்தான் கிடைத்தது. தெருவும் கோர்ட்டும் சேர்ந்து நடத்திய வேலை அது.

உங்கள் வீட்டு நிலைமை. ஏழாம் மாதம் என்றால் பிரசவம் வரும் நேரமும் வேலைநிறுத்தம் வரும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை; சொல்லிவிடுங்கள். இரண்டு மாதத் தவணைக்குப் பணத்தை இப்போதே ஒதுக்க முடியுமா என்று பாருங்கள். கமிட்டியில் இருப்பதால் முன்வரிசையில்தான் நிற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மினிட்ஸ் எழுத, ஃபைல் பார்க்க, கணக்கு வைக்க ஆள் வேண்டும். கேட்டில் கோஷம் போடும் ஆட்களுக்கு எந்தச் சங்கத்திலும் பஞ்சம் வந்ததில்லை. ஃபைல் ஒழுங்காக வைப்பவர்தான் கிடைப்பதில்லை.

கடைசியாக ஒன்று. நீங்கள் இணைத்திருந்த 2ஆம் தேதி நோட்டீஸின் ஜெராக்ஸை இரண்டு முறை பார்த்தேன். நிர்வாகம் பெற்றுக்கொண்டதற்கான சீலோ, தேதி போட்ட கையெழுத்தோ அதில் இல்லை. ஹெச்.ஆர். கையில் நேரில் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். 'எங்களுக்கு நோட்டீஸே வரவில்லை' என்று அவர்கள் சொன்னால் உங்களிடம் என்ன இருக்கிறது? சீல் போட்ட நகல் செயலாளரிடம் இருக்கலாம். இன்று மாலைக்குள் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் புதிய தேதி போட்டு இன்னொரு நோட்டீஸ் தயார் செய்து, நிர்வாகத்துக்கு ஒன்று, சமரச அதிகாரிக்கு ஒன்று, ஸ்பீட் போஸ்ட்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள். ரசீதை உங்கள் ஃபைலில் பின் செய்து வையுங்கள்.